பின்பக்கம் தெருவைப் பார்த்த ஓட்டல்

ஓர்டேல் ஊருக்குப் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், ஹெக்டால் ஓட்டலுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயிலடியிலிருந்து நேரே வரும் பெரிய தெருவுக்கு அந்த இரண்டு மாடி மரக் கட்டடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. விதை விற்கிறவர்களும் தையல் மெஷின் விற்கிறவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்து, சமையல்காரி போஜெனாவின் கொதிக்கும் பானைகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நடந்து, அவள் கரண்டிக்கு வழிவிட்டு, அதற்கப்புறம்தான் அறைச்சாவி வாங்க முடியும். தூண் வைத்த வராந்தாவும் கண்ணாடி பதித்த பெரிய கதவும் மறுபக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் தெரு இல்லை, கடை இல்லை. கோதுமை வயல் மட்டும் வடக்கே போய்க்கொண்டே இருந்தது. வானம் தெளிவாக இருக்கிற நாளில், ஏழு மைலுக்கு அப்பால், பெத்தேல் ஊரின் தேவாலயக் கோபுரம் ஊசியைக் குத்தி வைத்ததுபோல் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் தோரா ஹெக்டால் ஒரு கோப்பைக் காப்பியோடு அந்த வராந்தாவுக்கு வந்து உட்காருவாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு பத்தொன்பது வருஷமாக ஓட்டல் அவள் கையில் இருந்தது. கோபுரம் தெரிந்தால் அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பாள். தெரியாவிட்டால் அது இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு குடிப்பாள். பெத்தேலில் அவளுடைய அக்கா ராக்னா இருந்தாள். அக்கா ஒரே ஒரு தடவை இந்த ஓட்டலுக்கு வந்து, தன் மேஜையில் உட்கார்ந்து, ஒரு வேளை சாப்பிட வேண்டும். தோரா கடவுளிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஏழு மைல்தான். ஆனால் ராக்னா அந்த வாசலை மிதித்து முப்பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

கெல்லர் மாவட்டத்தில் அந்தப் பழைய கதை தெரியாதவர் கிடையாது. ஓர்டேலில் ஒரு மாதிரியும் பெத்தேலில் இன்னொரு மாதிரியும் சொல்வார்கள், அவ்வளவுதான். முதலில் பெத்தேல்தான் ஊர். நீதிமன்றம், தபால் நிலையம், ஓட்டல் எல்லாம் அங்கேதான் இருந்தன. அந்த ஓட்டலைக் கட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தோராவின் அப்பா ஹல்வோர் ஹெக்டால். இன்னொருவர் அவருடைய சிநேகிதர் ஓலே பிராட்வோல்ட். நார்வேயிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே மண் குடிசையில் முதல் பனிக்காலத்தைக் கழித்தவர்கள். மரம் வாங்க, ஆணி வாங்க, ஜன்னல் கண்ணாடியை வண்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுவர, எல்லாவற்றிலும் பாதி இவர், பாதி அவர்.

பிறகு ரயில் வந்தது. அது பெத்தேலுக்கு வராமல் ஓர்டேல் வழியாகப் போயிற்று. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷம் மாவட்டத் தலைமை எந்த ஊருக்கு என்று ஓட்டுப் போட்டார்கள். ஓர்டேல் ஜெயித்தது; எண்பத்தெட்டு பிறந்ததும் தலைமை அங்கே மாறியது. அந்த ஓட்டைப் பற்றி இன்றைக்கும் பெத்தேல்காரர்கள் உதட்டைச் சுழிப்பார்கள். தலைமை கிடைத்த ஊருக்கு நீதிபதியும் சாட்சியும் வந்தால் தங்க ஓட்டல் வேண்டாமா? மறு வருஷம் பிப்ரவரியில், பனி கெட்டித்துக் கிடந்தபோது, ஓர்டேல் ஆட்கள் நாற்பது குதிரைகளோடு வந்தார்கள். ஓட்டலைத் தூக்கி நீளமான மரச் சறுக்குகளின் மேல் வைத்து முழுசாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஹல்வோர் சம்மதம் கொடுத்திருந்தார். ஓலே அப்போது ஊரில் இல்லை. பனிக்காலக் கூலிக்கு மரம் வெட்ட மின்னசோட்டா காட்டுக்குப் போயிருந்தார்.

தோராவுக்கு அப்போது ஆறு வயது. வீடு நகர்கிற வேடிக்கைதான் அவளுக்கு ஞாபகம். அம்மா அடுப்பை அணைக்கவில்லை. ஓடுகிற வீட்டில் ரொட்டி சுட்டாள். பால் பாத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. பதினொரு வயது ராக்னா மட்டும் சிரிக்கவில்லை. ஓலே மாமாவிடம் சொல்லியாயிற்றா என்று அப்பாவைக் கேட்டாள். கடிதம் போட்டிருக்கிறேன் என்று அப்பா சொன்னார். அவர் போடவில்லை.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. எல்க் ஓடைக்குப் பக்கத்தில் பனி இளகி, சறுக்குகள் சேற்றில் இறங்கிவிட்டன. பத்தொன்பது நாள் ஓட்டல் இரண்டு ஊருக்கும் நடுவில், வெட்ட வெளியில் நின்றது. மறுபடி குளிர் இறுகியதும் அவசர அவசரமாக இழுத்துப் போய் ஓர்டேலில் இறக்கினார்கள். கட்டடத்தைத் திருப்பி வைக்க இரண்டு நாள் வேண்டும். மறுபடி வெயில் வந்துவிடுமோ என்ற பயத்தில், இப்படியே இருக்கட்டும், கோடையில் திருப்பிக்கொள்ளலாம் என்றார்கள். ஐம்பது கோடை வந்து போய்விட்டது.

வசந்தத்தில் ஓலே பிராட்வோல்ட் திரும்பி வந்தார். ஓட்டல் இருந்த இடத்தில் கல் கட்டிய நிலவறைக் குழி மட்டும் இருந்தது. அவர் ஓர்டேலுக்கு வந்து சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பெத்தேலிலேயே இருந்து உழுது பிழைத்தார். பதினோரு வருஷம் கழித்து அவர் மகன் நெல்ஸைத்தான் ராக்னா கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு ஹல்வோர் போகவில்லை. ராக்னாவும் அதற்குப் பிறகு வரவில்லை.

நடுவில் தோரா அக்காவைக் கூப்பிடாமல் இல்லை. அப்பாவைப் புதைத்த அன்று கல்லறையிலேயே கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். வேண்டாம், உனக்குச் சிரமம் என்று ராக்னா சொன்னாள். ஏழு வருஷம் கழித்து நெல்ஸ் இறந்தபோது, தனியாக இருக்காதே, வந்து கொஞ்ச நாள் இரு என்று கூப்பிட்டாள். வேண்டாம், கோழிகளை யார் பார்ப்பது என்றாள் ராக்னா. தோரா அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், இருவரும் அம்மா கல்லறையின் இரண்டு பக்கமும் நின்று மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழை இல்லாத வருஷங்களில் புழுதியைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அவரவர் வண்டியில் ஏறிக்கொள்வார்கள்.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், ஓர்டேலுக்குத் தலைமை வந்து ஐம்பது ஆண்டு நிறைவதைக் கொண்டாட ஏற்பாடு நடந்தது. மாவட்டத்தின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுவது என்றும், எண்பத்தெட்டுக்கு முன்னால் வந்து குடியேறியவர்களுக்கெல்லாம் ஹெக்டால் ஓட்டலில் விருந்து வைப்பது என்றும் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டிக்குத் தலைவி மிஸஸ் கோரா டன்பார். நீதிபதியின் விதவை. வெயில் காலத்திலும் கையுறை போடுகிற அம்மாள். ஜூன் மாதம் ஒரு நாள் சமையலறையைத் தாண்டி, பாவாடையில் மாவு படாமல் பிடித்துக்கொண்டு வந்து, ஓட்டலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தோராவைக் கேட்டாள். பெரிய விஷயமொன்றும் வேண்டாம், பொது நலத்தை நினைத்து உங்கள் தந்தையார் ஓட்டலை ஓர்டேலுக்குக் கொண்டுவந்தார் என்று அழகாகச் சொன்னால் போதும் என்றாள்.

தோரா சரி என்றாள். ஒரு வாரம் தினமும் வராந்தாவில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'பொது நலம்' என்று எழுதினாள், அடித்தாள். அவளுக்கு அப்பா மேல் பிரியம் உண்டு. அவர் யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. மழை பொய்த்துப் புழுதிப் புயல் அடித்த காலத்தில் நிலத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குத் தோரா இலவசமாகச் சூப்பு ஊற்றியதுகூட அவரிடம் கற்ற வழக்கம்தான். அப்படிப்பட்டவர், தன் சிநேகிதனுக்கு ஒரு கடிதம் எழுதக் கை வராமல் இருந்தார். சாகும்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஓட்டலில் பதினாலு வருஷமாகத் தங்கியிருந்த ஏமஸ் விக், ரயில்வேயில் தந்தியடித்து ஓய்வு பெற்றவர், அவள் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவர் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது.

"ஊருக்கு ஊர் குதிரை திருடுவாங்க, மாடு திருடுவாங்க. மாடிப்படியோட ஓட்டலையே தள்ளிக்கிட்டு வந்தது உங்கப்பா ஒருத்தர்தான். இதை எழுதலன்னா புத்தகம் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார்.

தோராவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் சொன்னார் என்று அவரைச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே எழுதி முடித்தாள். அரைப் பக்கம்தான் வந்தது. ஓட்டலைக் கட்டியவர்கள் இருவர் என்றும், அதில் ஒருவரைக் கேட்காமல், அவர் ஊரில் இல்லாத நேரத்தில், தன் தந்தை அதை எடுத்து வந்தார் என்றும், அது நியாயமில்லை என்றும், அந்த நியாயமில்லாத கூரைக்குக் கீழேதான் தான் ஐம்பது வருஷம் சாப்பிட்டு வளர்ந்தது என்றும், பிராட்வோல்ட் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினாள்.

மிஸஸ் டன்பார் அதைப் படித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"மிஸ் ஹெக்டால், இது கொண்டாட்டப் புத்தகம். பாவமன்னிப்புக் கேக்குற இடம் இல்ல."

"அப்ப ஓட்டலைப் பத்தி ஒண்ணும் போடாதீங்க. வருத்தப்பட மாட்டேன்."

"ஓட்டல் இல்லாம இந்த மாவட்டத்துக்கு என்னங்க சரித்திரம் இருக்கு?" என்று மிஸஸ் டன்பார் கேட்டாள். சற்று நேரம் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவான குரலில், தன் கணவரும் அந்தக் குதிரைகளை ஓட்டியவர்களில் ஒருவர் என்றும், அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது என்றும், பெத்தேலிலிருந்து வழக்கு வந்தால் மட்டும் முந்தின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிட மாட்டார் என்றும் சொன்னாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கமிட்டியில் என்ன பேசினாளோ தெரியாது. ஆகஸ்டில் புத்தகம் வந்தபோது தோரா எழுதியது ஒரு வார்த்தை குறையாமல் அதில் இருந்தது. ஓர்டேலில் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மளிகைக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. மற்றபடி வானம் இடிந்து விழவில்லை.

பெத்தேல் தேவாலயத்துக்கும் புத்தகங்கள் போயின. விருந்துக்கு வரச் சொல்லிக் கமிட்டியின் அச்சடித்த அட்டையும் பழைய குடிகள் எல்லோருக்கும் போயிற்று. ராக்னாவுக்கும் ஒன்று. தோரா மனக்கணக்குப் போட்டாள். அக்காவுக்குக் குறையாக இருந்தது அந்த ஒன்றுதானே. அதை ஊரறியச் சொல்லியாயிற்று. இனி என்ன தடை?

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை விருந்து. போஜெனா நாலு வாத்து வறுத்தாள். தோரா அம்மாவின் முறைப்படி உருளைக்கிழங்கு ரொட்டியைக் காகிதம்போல் மெல்லிசாகத் தட்டிக் கல்லில் போட்டு எடுத்தாள். பெத்தேலிலிருந்தும் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். ஓர்டேல் ஓட்டலில் கால் வைக்க மாட்டேன் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவர், சாப்பாட்டு அறையைச் சுற்றிப் பார்த்து, இந்த ஜன்னல் சட்டம் நான் இழைத்தது என்று கையால் தடவினார். எல்லோரும் சாப்பிட்டார்கள், பாடினார்கள், அழவும் செய்தார்கள். தோரா தன் மேஜையில் தன் வலப்பக்க நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. தட்டு, கத்தி, மடித்த துணி எல்லாம் வைத்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள்.

ராக்னா வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தோரா அந்தத் தட்டை எடுத்து, சாப்பிட்ட தட்டுகளோடு சேர்த்துக் கழுவினாள். சுத்தமாக இருந்த தட்டைத்தான் மிக அதிக நேரம் கழுவினாள். போஜெனா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

மறுநாள் காலை ஏமஸ் முட்டை தின்றுகொண்டிருந்தபோது தோரா தொப்பியோடு வந்து நின்றாள். பெத்தேல் வரை காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள்.

"வேலை நாள்ல நீங்க ஓட்டலை விட்டு வெளிய வந்து நான் பார்த்ததே இல்லையே. தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல. எங்கக்காவைப் பார்க்கணும்."

ஏமஸ் மீதி முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வழி முழுவதும் அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதுதான் அவரால் முடிந்த மரியாதை என்று தோராவுக்குத் தெரிந்தது. பெத்தேல் கடை வாசலில் தான் உட்கார்ந்திருப்பதாகவும், அவசரமே இல்லை என்றும் சொல்லி, அக்கா வீட்டு வேலிக்கருகே இறக்கிவிட்டுப் போனார்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோதுதான் தோராவுக்கு ஒன்று உறைத்தது. தான் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பழக்கமே இல்லை. வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டே ஆயுசு போயிருந்தது. யார் வருவார்கள் என்று காத்திருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த அன்பு. கையைத் தூக்கியபடியே ஒரு சின்ன ஜெபம் செய்தாள். பிறகு தட்டினாள்.

ராக்னா தோட்டத்திலிருந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மண் படிந்த கவுன், நெல்ஸின் பழைய பூட்ஸ். தங்கையைப் பார்த்து நின்றாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

ராக்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள். சமையலறை மேஜை மேல், அவளுடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், மாவட்டப் புத்தகம் இருந்தது.

"காப்பி போடட்டுமா?"

"போடுக்கா" என்றாள் தோரா.

ராக்னாவின் கை கெட்டிலின் மேல் நின்றது. அவள் முகத்தில் ஒரு விநோதமான சிரிப்பு வந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. எடுத்த எடுப்புல சரின்னுட்டியே. எங்க ஊர்ல அப்படி யாரும் சொல்லமாட்டாங்க."

காப்பி வந்தது. இருவரும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடித்தார்கள், அம்மா குடித்ததுபோல். தோராவால் சுற்றி வளைத்துப் பேச முடியவில்லை. புத்தகத்தைக் காட்டி, படித்தாயா என்று கேட்டாள். படித்தேன் என்றாள் ராக்னா. மாமனார் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நெல்ஸும்தான் என்றாள். நேற்று அதைக் கல்லறைக்கு எடுத்துப்போய், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்ததாகச் சொன்னாள். விருந்து நேரத்தில் அங்கேதான் இருந்தாளாம்.

"அப்பா மேல உனக்கு இன்னும் கோபமாக்கா?"

"அந்தக் கோபம் அப்பாவைப் பொதைச்ச அன்னிக்கே போச்சு. செத்தவர்மேல என்ன கோபம்."

"பின்ன ஏன் நீ வரவே இல்ல?"

ராக்னா கோப்பையைக் கீழே வைத்தாள். இதைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்பதுபோல் தங்கையைப் பார்த்தாள்.

"நீ ரெண்டு தரம்தான கூப்பிட்ட."

தோராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டன. பெத்தேலில் எந்த வீட்டிலும், எதைக் கொடுத்தாலும், முதல் தரம் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பார்கள். அது மரியாதை. மூன்றாம் தரம் கேட்டால்தான் கேட்கிறவர் மனசாரக் கேட்கிறார் என்று அர்த்தம். அப்போது சரி என்பார்கள். தாங்கள் கப்பலில் கொண்டுவந்த பெட்டியோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அம்மா அப்படித்தான் செய்வாள். தோராவும் சிறுவயதில் அப்படித்தான் இருந்தாள். ஆனால் ஓட்டலில் அப்படி நடக்காது. அங்கே ஒரு தரம் கேட்பார்கள். வேண்டும் என்றால் கொண்டுவருவார்கள், வேண்டாம் என்றால் அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள். வெளியூர் ஆட்களுக்குப் பரிமாறிப் பரிமாறி, வேண்டாம் என்ற வார்த்தையை அப்படியே நம்பிவிடக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நெல்ஸைப் பொதைச்சிட்டு வந்தப்ப ரெண்டாம் தரம் கேட்ட. நான் கோழியைச் சொன்னேன். நீ உடனே சரின்னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்ட. நான் அங்கயே நின்னேன். நீ திரும்பி வந்து இன்னொரு தரம் கேப்பன்னு நினைச்சேன்" என்றாள் ராக்னா. குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. மழை வராத வருஷத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். "அப்புறம் ஒவ்வொரு மே மாசமும், இந்தத் தடவை நீ கேப்ப, இந்தத் தடவை கேப்பன்னு வருவேன். நீ மழையைப் பத்திப் பேசுவ."

"அட்டை வந்துச்சே அக்கா."

"அது அச்சாபீஸ்காரன் கூப்பிட்டது."

தோரா அழுதாள். பன்னிரண்டு வருஷம். ஏழு மைலுக்கு அந்தப் பக்கம் தான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை மத்தியானங்களிலும், இந்தப் பக்கம் அக்காவும் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூரையைப் பற்றிய நியாயத்தைச் சொன்னது தப்பில்லை, சொல்ல வேண்டியதுதான். ஆனால் அக்காவுக்கும் தனக்கும் நடுவில் கிடந்தது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. ஒரு வார்த்தை. கேட்டால் குறைந்துபோகாத ஒரு வார்த்தை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் இழப்பது எவ்வளவு லேசாக நடந்துவிடுகிறது என்று நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. அதே லேசில் திரும்பவும் கிடைக்கலாம் என்று கடவுள் வைத்திருக்கிறாரே என்றும் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராக்னா கையைப் பிடித்தாள். உழைத்துக் காய்த்த கை, அம்மாவின் கைபோலவே இருந்தது.

"அக்கா, நம்ம வீட்டுக்கு வா. வந்து எங்கூட சாப்பிடு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கோழி எதையோ கிளறிக்கொண்டிருந்தது. தோரா மறுபடி கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். நாலாம் தரம், பத்தாம் தரம், சாயங்காலம் வரைக்கும் கேட்க அவளால் முடியும் என்று தோன்றியது.

"வரேன்" என்றாள் ராக்னா. பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டவள்போல் எழுந்து கோப்பைகளை எடுத்தாள். "ஆனா இப்ப இல்ல. உருளைக்கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ள கிடக்குது. ராத்திரி உறைபனி வரும்னு கடைக்காரன் சொன்னான். முடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டதும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அறுபத்தொரு வயசு ராக்னா, தனி ஆள். தோரா ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள். கொடிகள் கறுத்துச் சாய்ந்து கிடந்தன.

"எத்தனை வரிசை இருக்கு?"

"பதினொண்ணு. ரெண்டுதான் தோண்டியிருக்கேன். ஏன்?"

"இன்னொரு கவுன் இருந்தா குடு. இது சர்ச்சுக்குப் போடுறது."

ராக்னா அவளைத் தடுக்கவில்லை. வேண்டாம், உனக்குச் சிரமம் என்று வாய் வரை வந்ததைத் தோரா பார்த்தாள். அது அங்கேயே நின்றுவிட்டது. ராக்னா உள்ளே போய்ச் சாயம் போன ஒரு நீலக் கவுனைக் கொண்டுவந்து கொடுத்தாள். தோராவுக்கு அது இடுப்பில் இறுக்கமாக இருந்தது. ஓட்டல்காரி நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று ராக்னா சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் எத்தனை நாளைக்கப்புறம் இரண்டு பேர் சிரித்தார்களோ.

பக்கத்து வீட்டுப் பையன் கடைக்குப் போய்ச் சொல்ல, ஏமஸ் வேலியோரம் வந்து நின்றார். மண்ணில் முழங்கால் பதித்து உட்கார்ந்திருந்த ஓட்டல் முதலாளியைப் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போஜெனாவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். மீதி வாத்து இருக்கிறது, அதைச் சுடவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நான் நாளைக்குத்தான் வருவேன் என்றாள் தோரா. ஏமஸ் தொப்பியைத் தொட்டுவிட்டுக் காரைக் கிளப்பினார்.

வடக்குக் காற்று குளிர ஆரம்பித்திருந்தது. ராக்னா முள்வாரியால் மண்ணைப் புரட்டிக்கொண்டு முன்னால் போனாள். தோரா பின்னால் குனிந்து, ஒவ்வொரு கிழங்காக மண் தட்டிக் கூடையில் போட்டாள். மூன்றாவது வரிசை முடிந்தது. முதுகு வலித்தது. நிமிர்ந்து பார்த்தபோது இன்னும் எட்டு வரிசை இருந்தது. அக்கா ஒரு தரம் திரும்பி, அவள் பின்னாலேயே வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.